ஆடிக்கு அழைத்து வந்த மகளுக்குக் கிடைத்த பி.ஆர்.

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். முந்தின நாள் தொடங்கிய தூறல் இன்னும் விடவில்லை. கீரமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தபோது கைபேசி அடித்தது. கனடாவிலிருந்து மாப்பிள்ளை தினேஷ். அந்த நேரத்தில் அவர் பேசுவது வழக்கமில்லை.

"மாமா, ஒரு மெயில் வந்திருக்கு. பதறாதீங்க."

பதறாதீங்க என்று யாராவது சொன்னாலே பதறுகிறவன் நான். அன்று பதற்றம் வரவில்லை. பால் பாக்கெட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே கேட்டேன்.

என் மகள் சுகன்யா அவருடைய மனைவி. கணவரோடு கனடாவில் வாழ அவள் பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதைப் பரிசீலித்த அதிகாரி, இது உண்மையான திருமணம்தானா என்று தமக்குச் சந்தேகம் இருப்பதாக எழுதியிருந்தார். முப்பது நாளுக்குள் தக்க ஆதாரத்தோடு பதில் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

திருவரங்குளத்துப் பெரியநாயகி அம்மனை வணங்கும் அன்பர்களே, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். நான் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவன். வயது எழுபத்து ஒன்று. எதையும் எண்ணாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே கணக்கு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த பி.ஆர். என்பதைப் பலர் குடியுரிமை என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. பி.ஆர். கிடைத்தவரிடம் இந்திய பாஸ்போர்ட்டே இருக்கும், அங்கே ஓட்டுப் போட முடியாது. மற்றபடி அங்கே தங்கலாம், வேலை செய்யலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். அதைப் பெறப் பல வழிகள் இருக்கின்றன. வயது, படிப்பு, மொழித் தேர்வு, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு எடுப்பது ஒன்று. ஒரு மாகாணம் தனக்கு ஆள் தேவைப்படும் தொழிலுக்குத் தானே தேர்ந்தெடுப்பது இன்னொன்று. மாப்பிள்ளை அங்கே போய்ப் படித்து, உணவுத் தொழிற்சாலை ஒன்றின் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து, அந்த அனுபவத்தை வைத்து பி.ஆர். வாங்கியவர். அப்படி வாங்கியவர் தம் மனைவியைத் தாமே பொறுப்பேற்று அழைத்துக்கொள்ளலாம். அதுதான் என் மகளுக்கு இருந்த வழி. சுற்றுலா விசா ஏற்கெனவே ஒருமுறை மறுக்கப்பட்டுவிட்டது. இதுவும் போனால் மேல்முறையீடு, வழக்கு என்று எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகப் போகிறது. கடைவீதியில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம், "என்னண்ணே, பொண்ணு இன்னும் இங்கதான் இருக்கா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

அதிகாரியின் சந்தேகம் எதில் என்று சொல்கிறேன். கல்யாணம் 2023 ஜூன் 28, புதன்கிழமை. ஆனி மாதம். மாப்பிள்ளை எட்டு வார விடுப்பில் வந்திருந்தார். அவர் ஊர் திருவரங்குளம், எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஜூலை 16 அன்று, ஆடி பிறப்பதற்கு முந்தின நாள், நான் சீர்வரிசையோடு போய் மகளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். புதுப்பெண்ணை ஆடிக்கு அழைப்பது நம் பக்கத்து முறை. ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் ஆகும் என்பதால் பெரியவர்கள் வைத்தது. மாப்பிள்ளை ஆகஸ்ட் 13 அன்று விமானம் ஏறினார். ஆக அவர் இந்தியாவில் இருந்த கடைசி நான்கு வாரமும் கணவன் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர்.

விண்ணப்பத்தில் எந்தத் தேதியில் எந்த முகவரியில் இருந்தீர்கள் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நான்தான் பார்த்துப் பார்த்து நிரப்பச் சொன்னேன். ஒரு நாள்கூடப் பிசகக் கூடாது என்று சொன்னேன். புகைப்படங்களையும் நான்தான் பொறுக்கினேன். மாப்பிள்ளை மகள் தோளில் கை போட்டிருந்த படங்களை எடுத்துவிட்டேன். அரசாங்க அதிகாரி பார்க்கிற இடத்தில் அது என்ன பழக்கம்? இரண்டு குடும்பமும் வரிசையாக விறைத்து நிற்கும் படங்களை அனுப்பினேன். திருச்சி விமான நிலையத்தில் எடுத்த படமும் ஒன்று. அதில் சுகன்யா என் பக்கத்தில் நிற்கிறாள். மாப்பிள்ளை அவருடைய அப்பா பக்கத்தில் நிற்கிறார். நடுவில் நான்கு பெட்டிகள்.

அதிகாரி கேட்டது நியாயம்தான். கல்யாணமாகிப் பத்தொன்பதாம் நாள் பிரிந்து, அருகருகே இரண்டு ஊரில் இருந்துகொண்டு, கணவன் கிளம்பும்வரை ஒரு நாள்கூடச் சந்திக்காத இவர்கள் எப்படித் தம்பதி?

வீட்டில் நான் விவரமாகச் சொல்லவில்லை. "இன்னும் சில பேப்பர் கேக்குறாங்க" என்று மட்டும் என் மனைவி வசந்தாவிடம் சொன்னேன். அவளுக்கு ரத்த அழுத்தம் உண்டு. சுகன்யா மெயிலைத் தன் கைபேசியிலேயே படித்துவிட்டாள். படித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுகிறாளா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். சத்தம் எதுவும் வரவில்லை.

மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு திருச்சியில் ஒரு விசா ஏஜெண்டைப் பார்க்கப் போனேன். அவர் மெயிலைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், எந்தக் கட்டத்துலயும் கொஞ்சம் கூடக் குறைய எழுதணும். நீங்க ரேஷன் கார்டுக்கு எழுதுற மாதிரி எழுதிட்டீங்க."

"இப்ப என்ன செய்யலாம்?"

"ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அந்த நாலு வாரத்துல கொடைக்கானல்ல அஞ்சு நாள் ரூம் எடுத்துத் தங்குன மாதிரி பில் வாங்கித் தாரேன். நமக்குத் தெரிஞ்ச லாட்ஜுதான். ஆடின்னா அவனுக்கு என்ன தெரியும், ஆவணின்னா என்ன தெரியும்?"

"பொய்யின்னு கண்டுபிடிச்சா?"

"அதெல்லாம் யாரு சார் போய்ப் பாக்கப் போறா?"

பொய் ஆவணம் கொடுத்தால் ஐந்து வருடம் அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க முடியாது என்று நான் படித்திருந்தேன். ஆனால் அன்று ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மகள்தான் எழுந்தாள்.

"வேணாம்ப்பா. வாங்க, போவோம்."

புதுக்கோட்டைக்குப் பேருந்து ஏறினோம். ஒருமுறை அவள் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காசு பற்றிக் கேட்க நினைத்தாள் போலும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டேன். தூங்கினேன். பகலில் பேப்பர் படித்தேன், எதுவும் மனதில் நிற்கவில்லை. உள்ளே எதுவோ அணைந்துபோனது போல இருந்தது. கவலைப்படக்கூடத் தெம்பில்லை. எனக்கு அப்படி ஆனதே இல்லை.

நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. வசந்தாவே சொன்னாள், "வாங்க, திருவரங்குளம் போயி ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவோம்." ஆலங்குடியில் பேருந்து மாறிப் போனோம். பத்தரை மணிக்குக் கோயிலுக்குள் நுழைந்தோம். மழை வெறித்திருந்தது. பிரகாரத்துக் கல்லில் ஈரம். சம்பந்தி வீடு இரண்டு தெரு தள்ளித்தான், ஆனால் அங்கே போக எனக்கு முகமில்லை.

அன்பர்களே, மனம் உருகிக் கண்ணீர் பெருக வேண்டினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அது நடக்கவில்லை. அம்மன் சன்னதியில் கை கூப்பி நின்றேன். கண்ணில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. குருக்கள் தீபாராதனை காட்டினார். மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுக்கிற குரலில்தான் என்னால் பேச முடிந்தது. வாய்விட்டே சொன்னேன்.

"தாயே, பெரிசா ஒண்ணும் கேக்கல. அந்த ஆடியில இந்தப் பிள்ளைக ரெண்டும் புருஷன் பொண்டாட்டியா இருந்ததுக்கு ஒரே ஒரு சாட்சி வேணும். எங்கருந்தாவது கொடு. இருபத்து ரெண்டு நாளுதான் பாக்கி இருக்கு."

பக்கத்தில் நின்ற வசந்தா என் முழங்கையைத் தொட்டாள்.

"ஏங்க."

"சும்மா இரு. வேண்டிக்கிட்டு இருக்கேன்ல."

"ஏங்க, அந்தச் சாட்சி நான்தாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"திட்டுறதா இருந்தா வெளிய வந்து திட்டுங்க. ஆத்தா முன்னால வேணாம்" என்றாள்.

பிரகாரத்தில் வில்வ மரத்துக்கு எதிரே இருந்த மண்டபப் படியில் உட்கார்ந்தோம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அந்த ஆடி வெள்ளிக்கு நானும் புள்ளையும் இங்கிட்டு வந்தோம்ல, மாப்பிள்ளையும் வருவாருங்க. சம்பந்தியம்மாதான் கூட்டிக்கிட்டு வருவாங்க. நான் புளியோதரை கட்டிக்கிட்டு வருவேன், அவங்க சுண்டல் கொண்டாருவாங்க. நாங்க ரெண்டு பேரும் சன்னதிப் பக்கம் உக்காந்துக்குவோம். அதுக ரெண்டும் இந்தப் படியிலதான் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கும்."

"எத்தனை வெள்ளி?"

"நாலு வெள்ளியும்."

"எத்தனை மணி நேரம்?"

"அதெல்லாம் யாரு எண்ணுனா? நான் என்ன உங்களை மாதிரியா?"

"கூட்டம், அதான் திரும்ப சாயந்தரமாயிருச்சுன்னு சொன்னியே?"

"கூட்டமும் இருந்துச்சுங்க."

"முறையின்னு ஒண்ணு இருக்கா இல்லையா, வசந்தா?"

"நீங்க என்ன சொன்னீங்க? ஆடி முடியிற வரைக்கும் சம்பந்தி வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னீங்க. மிதிக்கலையே! ஆத்தா கோயிலுக்குப் போறேன்னப்ப நீங்கதானே பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்புனீங்க?"

கோபம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தேன். வரவில்லை. ஒரு பெண்மணி அகல் விளக்கோடு எங்களைக் கடந்து போனார். நான் கேட்டேன், "படம் கிடம் ஏதாவது எடுத்தியா?"

அவள் கைபேசியைப் பையிலிருந்து எடுத்தாள். நூற்றுக்கணக்கான கோலப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். அவற்றுக்கு நடுவில் இருந்தன, மொத்தம் இருபத்து மூன்று படங்கள். பாதிப் படங்களில் ஓரத்தில் அவளுடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது. ஒன்றில் ஒரே இலையில் இருவரும் புளியோதரை சாப்பிடுகிறார்கள். ஒன்றில் மகள் எதற்கோ வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். ஒன்றில் மாப்பிள்ளை அவள் கன்னத்தில் ஒட்டிய சோற்றுப் பருக்கையைத் துடைக்கிறார். அதை நான் சரியாகப் பார்க்காமல் அடுத்ததற்குத் தள்ளிவிட்டேன். தட்டிப் பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் தேதி, மணி, இடம் எல்லாம் வருகிறது. ஜூலை 21, ஜூலை 28, ஆகஸ்ட் 4, ஆகஸ்ட் 11. கணக்கு சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாருக்கும் தெரியும்ப்பா. உங்ககிட்ட யாரு சொல்றதுன்னுதான் எட்டு நாளா பேசிக்கிட்டு இருந்தோம். அப்பாவுக்குத் தெரியாமலே பதில் அனுப்பிருவோம்னு அவரு சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். அத்தை, 'எங்க ரெண்டு பேரையும் உங்க அப்பா பேச்சுல கொன்னுருவாரு'ன்னு பயந்தாங்க. அம்மா, 'வெள்ளிக்கிழமை கோயில்ல வச்சுச் சொல்லிக்கிறேன், அங்க கத்த மாட்டாரு'ன்னாங்க."

அதாவது என்னைத் தவிர நான்கு பேருக்கும் எல்லாம் தெரியும். நான் சாட்சி கேட்டு நின்ற சன்னதிக்கு எதிரேயே அந்த நான்கு வெள்ளியும் நடந்திருக்கிறது. அம்மனுக்கு முன்பே தெரியும். நான் கேட்ட பிறகு அவள் எதையும் புதிதாக உண்டாக்கவில்லை. முன்பே வைத்திருந்ததை, கேட்ட அரை நிமிடத்தில், என் பக்கத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தாள்.

பதில் கடிதத்தை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். ஆடி என்றால் என்ன, புதுப்பெண்ணை ஏன் பிறந்த வீட்டுக்கு அழைக்கிறோம் என்று முகம் தெரியாத ஒரு அதிகாரிக்கு விளக்க இரண்டு நாள் ஆனது. கரு உண்டாகக் கூடாது என்பதற்காக என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா ஓடவில்லை. சொந்த மகளைப் பற்றி ஒரு தகப்பன் எழுதுகிற வாக்கியமா அது? கடைசியில் எழுதிவிட்டேன். அவர்களைப் பிரித்து வைத்தவன் நான், என்னை ஏமாற்றிச் சந்தித்துக்கொண்டவர்கள் அவர்கள், எனக்கே எட்டு நாளுக்கு முன்பு வரை தெரியாது என்றும் எழுதினேன். வசந்தாவும் சம்பந்தியம்மாவும் ஆளுக்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார்கள். குருக்களிடம் போய்க் கேட்டபோது, "அந்தப் புளியோதரை தம்பதியா? எனக்கும் கொடுத்தாங்களே!" என்று சொல்லி அவரும் ஒரு கடிதம் கொடுத்தார். மகள் தன் கைபேசியிலிருந்து அந்த நான்கு வார உரையாடல்களைப் படமெடுத்து இணைத்தாள். அவற்றை நான் படிக்கவில்லை. பக்கங்களை மட்டும் எண்ணினேன்.

புகைப்படங்களை அடுக்கும்போது மாப்பிள்ளை கேட்டார், "மாமா, எந்தப் படத்தை முதல்ல வைக்கிறது?"

"அந்தச் சோத்துப் பருக்கையை வைங்க" என்றேன்.

"சரிங்க மாமா" என்றார்.

டிசம்பர் 2 அன்று அனுப்பினோம், கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக. பிறகு மூன்று மாதம் எதுவும் வரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போனேன். மனம் அப்போதும் இளகவில்லை. போனேன், நின்றேன், திரும்பினேன், அவ்வளவுதான். 2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு மாப்பிள்ளை பேசினார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லிவிட்டார்கள். வசந்தா அழுதாள். சுகன்யா அழுதாள். சம்பந்தியம்மா கைபேசியில் அழுதார். நான் பால் காய்ச்சிக் காபி போட்டு மூவருக்கும் கொடுக்கப் போனேன். சம்பந்தியம்மா கைபேசியில்தான் இருக்கிறார் என்பது மூன்றாவது தம்ளரை ஊற்றிய பிறகுதான் உறைத்தது.

ஏப்ரல் 20 அன்று திருச்சியில் மகளை விமானம் ஏற்றினோம். இரண்டு பெட்டி, நாற்பத்து ஐந்து கிலோ. உள்ளே போகும் வரிசையில் நின்றவள் திரும்பி வந்து, "அப்பா, நீங்க பிரிச்சு வச்சதுனாலதான் நாங்க ரெண்டு பேரும் அந்த நாலு வாரத்துல அவ்வளவு பேசுனோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கை மட்டும் காட்டினேன்.

இப்போது அவள் அங்கே இருக்கிறாள். பி.ஆர். அட்டை வந்துவிட்டது. ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது அங்கே இருந்தால்தான் அந்த உரிமை நிலைக்கும் என்று வாரம் ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். "தெரியும்ப்பா" என்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது. வசந்தா சமைப்பதைப் பாதியாகக் குறைத்துவிட்டாள்.

என்னிடம் ஏற்பட்ட மாற்றம் என்னவென்றால், வீட்டில் யாராவது ஏதோ சொல்ல வாயெடுத்தால் இப்போது நான் பேசுவதை நிறுத்திவிடுகிறேன். எழுபத்து ஒரு வயதில் கற்றுக்கொண்ட பழக்கம். இன்னும் சில நாள் தவறுகிறது. இந்த ஆனியில் எதிர்வீட்டு ராசு தன் மகளுக்குக் கல்யாணம் செய்துவிட்டு, "ஆடிக்கு அழைக்கிறதா வேண்டாமாண்ணே? மாப்ள சிங்கப்பூர் போற பையன்" என்று யோசனை கேட்டான். "அழைச்சுக்கிட்டு வா. முறையை விடாத. ஆனா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறேன்னு புள்ள கேட்டா, ஏன் எதுக்குன்னு கேக்காத" என்றேன்.

அன்பர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு காலம் வரும்போது, மனம் உருகினால்தான் வேண்டுதல் போய்ச் சேரும் என்று எண்ணித் தயங்காதீர்கள். மரத்துப்போன மனதோடும் போய் நில்லுங்கள். வறண்ட குரலில் கேளுங்கள். என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். பொய்யைக் கொண்டு வேலையை முடித்துக்கொள்ளச் சொல்பவர் எதிரே உட்கார்ந்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெரியநாயகி உங்களுக்கும் கொடுப்பாள். அவள் யார் வாயால் பதில் சொல்கிறாள் என்று மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

இந்த ஆடியின் கடைசி வெள்ளியன்று அம்மனுக்குப் பட்டுப்புடவை சாத்தி, வந்த அடியார்களுக்குப் புளியோதரை கொடுத்து வசந்தா வேண்டியிருந்த நேர்த்திக்கடனை முடித்தோம். விண்ணப்பக் கட்டணம், சென்னையில் மருத்துவச் சோதனையும் கைரேகையும், பத்திரங்கள், பேருந்து, விமானச் சீட்டு, புடவை, புளியோதரை எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.